ஒரே கட்டணத்தில் மூன்று

தலைகளை எண்ணுவதுதான் என் வேலை.
சங்ககிரி அடிவாரத்தில் பத்தொன்பது.
முதல் வாசலில் பத்தொன்பது.
மூன்றாவது வாசல் தாண்டியதும் பதினான்கு;
மீதி ஐந்து பேர் நிழல் பார்த்து உட்கார்ந்து
எலுமிச்சைச் சோற்றைப் பிரித்துவிட்டார்கள்.
கோட்டை அவர்களைத் தடுத்துவிட்டது என்று
கணக்கில் எழுதிக்கொண்டேன்.

உச்சியில் காற்று.
கீழே ஊர் முழுக்க லாரிகள்,
முற்றுகையிட வந்த படை
அலுத்துப்போய் அங்கேயே
தொழில் தொடங்கிவிட்டது மாதிரி.
இரும்பாலையில் ஓய்வு பெற்ற அர்த்தநாரி
விரல் மடக்கி மதிலைத் தட்டிக் கேட்டார்:
"இன்னும் முந்நூறு வருஷம் நிக்கும்."
"நம்ம வீடு?" என்றார் மனைவி.
அவர் வெடிமருந்து அறையைப் பார்க்கப் போய்விட்டார்.

சேலம் அருங்காட்சியகத்தில்
மதியம் இரண்டு மணி, மின்விசிறிக்கு அடியில்
எல்லோருக்கும் வரலாறு பிடித்திருந்தது.
நடுகல் ஒன்று.
பெயர்ச்சீட்டு கழன்று
தரையில் குப்புறக் கிடந்தது.
மாடு மீட்கப் போய் மாண்டவன் என்றேன்.
"மாடு கெடச்சுதா?" என்றான் லோகேஷ்.
கல் அதைச் சொல்லவில்லை.
மெஹ்ருன்னிசா மட்டும் குனிந்து
சீட்டை எடுத்துத் துடைத்து,
எதற்குரியது என்று தெரியாமல்
இரண்டு கல்லுக்கும் நடுவில் வைத்தாள்.

பிறகு மேட்டூர், பண்ணவாடிப் பக்கம், தீவு.
படகில் நான்கு நிமிடம்,
அதில் மூன்று நிமிடம் செல்ஃபி.
வெள்ளைக் கூடாரங்கள்,
உள்ளே கட்டில், கட்டில் மேல்
அன்னமாக மடித்த துண்டு.
"முதலை வருமா?" என்று கேட்டவரிடம்
"அது தனிக் கட்டணம் சார்" என்றேன்.
சிரித்தார். பிறகு சிரிக்காமல்
ஜிப்பை இழுத்துச் சாத்திக்கொண்டார்.
பத்து மணிக்கு ஜெனரேட்டர் நின்றது.
சுற்றிலும் தண்ணீர் இருக்கிறது என்ற தைரியத்தில்
காவலுக்கு யாரையும் போடவில்லை.

விடிந்தபோது ஆடுகள்.

வண்ணத்தொட்டிச் செம்பருத்தி முழுக்கக் காலி.
ஒரு கிடாய்
நான்காம் எண் கூடாரத்துக்குள் நின்று
அன்னத்தை மென்றுகொண்டிருந்தது.
கழுத்தில் செல்போன் தொங்க, கையில் தொரட்டியோடு
மாதம்மாள் என்றொரு பெண் வந்தாள்.
"எப்படி வந்தீங்க?"
"எப்படி வருவாங்க? நடந்துதான்."

டெல்டாவுக்கு மதகு திறந்து ஒன்பது நாள்.
தினமும் கொஞ்சம் இறங்கிய தண்ணீர்
நேற்று ராத்திரி, நாங்கள் தூங்கும்போது,
எங்கள் தீவைக் கரையிடம்
திருப்பிக் கொடுத்துவிட்டிருந்தது.
பச்சியப்பனின் படகு சேற்றில்
ஒருக்களித்துப் படுத்திருந்தது.

ஜோஸ்பின் டீச்சர் அச்சடித்த தாளை நீட்டினார்.
"தீவுன்னு போட்டிருக்கே?"
நிபந்தனைகளைத் தேடினேன்.
மழை, புயல், கடையடைப்பு, அரசு உத்தரவு
எல்லாம் இருந்தது.
தரை வந்து சேர்ந்தால் என்ன செய்வதென்று
யாருமே எழுதியிருக்கவில்லை.
மதில் இருந்தது, கண்ணாடிப்பெட்டி இருந்தது,
மூன்றாவதாக விற்ற வேலி
ராவோடு ராவாகத் தஞ்சாவூருக்குப் போய்விட்டது
என்று அவரிடம் சொல்ல முடியுமா?
மாதம்மாள்தான் சமாதானம் சொன்னாள்:
"ஆடிப் பதினெட்டு கழிச்சு வாங்க.
தீவாத்தான் இருக்கும்."

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
வெடித்த வண்டலில் வரிசையாக நடந்தோம்.
அர்த்தநாரியின் மனைவி முன்னால்.
எண்ணினேன்: அறுபது.
ஆடுகளையும் சேர்த்துவிட்டேன் போல.
மறுபடி எண்ணினேன்: இருபது.

துடுப்பைத் தோளில் சாய்த்தபடி
பச்சியப்பனும் எங்களோடு நடந்துகொண்டிருந்தார்.
திரும்பும் சவாரிக்கும்
முன்பணம் வாங்கியிருந்தாராம்.